அண்ணருக்கு இருபத்துநாலு வயசு

ஸ்டேர்ஜன் மீன் பிடிக்கவென்று பிரேசர் ஆற்றில் இறங்கிய படகில் போகும்போது நாலு பேர் இருந்தார்கள், திரும்பி வரும்போது ஐந்து பேர் இருந்தார்கள். சர்ரேயில் இருக்கிற எங்கள் சனம் அந்தச் சனிக்கிழமையை இன்றைக்கும் இப்படித்தான் சொல்லும், அதற்கு மேல் வாயைப் பிளக்காது, ஏனென்றால் ஐந்தாவது ஆளுக்கு ஒரு கட்டிலும் குளிருக்கு ஒரு ஜாக்கெட்டும் காலுக்கு அளவான சப்பாத்தும் தேடி அலைந்ததில் அதிசயப்பட ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

போனவர்கள் மூன்று கூட்டாளிகளும் படகுக்காரரும். பத்திநாதன் நகரப் பேருந்து ஓட்டி அந்த வருசம்தான் ஓய்வு பெற்றிருந்தார். பாசையூரில் பிறந்தவர், தகப்பனும் தகப்பனுக்குத் தகப்பனும் கடலில் பிழைத்தவர்கள், ஆனால் கனடாவுக்கு வந்த பிறகு மீனை அவர் கண்டதெல்லாம் கடையில் பனிக்கட்டிக்கு மேலே படுத்திருந்த கோலத்தில்தான். குணசிங்கம் காரைநகர்க்காரர், டாக்ஸி ஓட்டுகிறவர், ஏற்றின ஆள் இறங்குமட்டும் கதைத்துப் பழகிய வாய் ஆள் இல்லாத நேரத்திலும் ஓயாது. லூர்துநாயகம் பேக்கரியில் மாப் பிசைகிறவர், தேவாலயத்தில் பாடுகிறபோது மட்டும் வாய் திறக்கிறவர். பத்திநாதனின் ஓய்வைக் கொண்டாட என்ன செய்யலாம் என்று மூவரும் யோசித்து, ஒருவருக்கும் கோல்ஃப் தெரியாதபடியால், மீன் பிடிக்கப் போவதென்று முடிவாயிற்று.

படகுக்காரர் ஹர்ஜித், தலைப்பாகைக்கு மேலே மழைக்கோட்டின் தொப்பியையும் போட்டுக்கொண்ட பஞ்சாபிக்காரர், சில்லிவாக்குக்குக் கீழே ஆறு அகலமாகத் திரும்புகிற இடத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, இந்த மீனுக்குப் பல்லே கிடையாது, செதிலுக்குப் பதிலாக முதுகில் எலும்புக் கேடயம் வரிசை வரிசையாக இருக்கும், நூறு வயதைத் தாண்டியும் இருக்கும், பிடிக்கலாம் ஆனால் வைத்திருக்க முடியாது, பெரிய மீனென்றால் தண்ணீரை விட்டுத் தூக்கவே கூடாது, தூண்டிலைக் கழற்றி அப்படியே விட்டுவிட வேண்டும், அதுதான் சட்டம் என்று சொன்னார். பிடித்துவிட்டு விடுவதென்றால் எதற்குப் பிடிக்கிறது என்று குணசிங்கம் கேட்டார். எல்லாரும் இதை ஒரு தடவை கேட்பார்கள், மீனைக் கண்ட பிறகு கேட்கமாட்டார்கள் என்று ஹர்ஜித் பதில் சொல்லிவிட்டு, சால்மன் முட்டைகளை நைலோன் துணியில் சின்னப் பொட்டலமாகக் கட்டித் தூண்டிலில் கோத்து ஆற்றின் அடிக்கு அனுப்பினார்.

பனிமூட்டம் கலைந்து மலை தெரியத் தொடங்கின நேரத்தில் பத்திநாதனின் தூண்டில் தடி இரண்டு தரம் தலையாட்டியது, பிறகு ஒரேயடியாகக் குனிந்தது. அவர் இழுத்தார், களைத்துப்போய்க் குணசிங்கத்திடம் கொடுத்தார், குணசிங்கம் லூர்துநாயகத்திடம் கொடுத்தார், தடி மறுபடி பத்திநாதனிடம் வந்தது. மீன் ஆற்றோடு போனபோது படகும் நங்கூரத்தை விட்டு அதன் பின்னால் போனது, மீன் எதிர்த்து ஏறினபோது படகும் ஏறியது. வெயில் தலைக்கு மேலே வந்து ஒரு பக்கம் சாய்ந்தது, கட்டிக்கொண்டு வந்த இடியப்பத்தை ஒருவரும் அவிழ்க்கவில்லை, குணசிங்கம்கூடக் கதைப்பதை நிறுத்திவிட்டார். இது ஒற்றைப் பாரமாகத் தெரியவில்லை, வேறேதோ கூட வருகிறது, மரக்கட்டையாக இருக்கும் என்று ஹர்ஜித் சொன்னார்.

முதலில் மேலே வந்தது நாலு மீசை, பிறகு சாம்பல் நிறத் தலை, பிறகு படகின் நீளத்தையும் தாண்டின முதுகு, அதில் கேடயம் கேடயமாக எலும்பு. அதன் செவுளுக்குப் பக்கத்தில் ஒரு கை இருந்தது. தூண்டில் கட்டின நைலோன் நரம்பை, தங்கூசியை, உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்த கை. கைக்குப் பின்னால் தோளும், தலைமயிர் முகத்தில் ஒட்டிக் கிடக்கிற ஒரு இளம்பொடியனின் தலையும், இடுப்பில் மடித்துக் கட்டின சாரமும் வந்தன. லூர்துநாயகம் ஒரு பக்கமும் ஹர்ஜித் மறுபக்கமும் பிடித்து ஆளைப் படகுக்குள் இழுத்துப் போட்டார்கள். ஆள் குப்புறக் கிடந்து தண்ணீரைக் கக்கினது, எழும்பி இருந்தது, தங்கூசி இன்னும் கையில்தான் இருந்தது, விடாதேங்கோ, விடாதேங்கோ, களைச்சுப்போச்சு, இனி வந்திடும் என்று தமிழில் சொன்னது. பிறகு தடி பிடித்திருந்த பத்திநாதனை நிமிர்ந்து பார்த்தது.

"அப்பு," என்றது. "நீங்கள் ஏன் கடலுக்கு வந்தனீங்கள்? காய்ச்சலெண்டெல்லோ படுத்திருந்தனீங்கள்."

அந்தக் குரல் ஆருடையதென்று பத்திநாதனுக்கு உடனே தெரிந்தது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து கண்ணாடியில் தகப்பனின் முகம் தெரிவதாக அவரே வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தவர்தான்.

"அண்ணை, நான் அப்பு இல்லை," என்றார். "நான் பத்தி."

செபமாலை, அதுதான் அண்ணரின் பெயர், அவரைக் கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நரைத்த மீசையைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், இடது புருவத்துக்கு மேலே சின்ன வயதில் வள்ளத்தில் அடிபட்ட தழும்பைப் பார்த்தார்.

"என்னடா இப்பிடிக் கிழண்டு போனாய்," என்றார்.

அவர் காணாமல் போனபோது அவருக்கு வயது இருபத்துநாலு, பத்திநாதனுக்கு இருபத்திரண்டு. விடியப்புறம் தனியே கடலுக்குப் போனவர், வள்ளம் மட்டும் ஆளில்லாமல் மிதந்து வந்தது, அதற்குள் வலையும் தண்ணீர்க் கலனும் வைத்தது வைத்தபடி இருந்தன. ஊர் பலதையும் சொன்னது, தேடினது, பிறகு சொல்லுவதையும் தேடுவதையும் நிறுத்திவிட்டுப் பூசை கொடுத்தது. அது முப்பத்தெட்டு வருசத்துக்கு முந்திய கதை. அங்கே முழங்காலளவு களப்பும் அதற்கப்பால் கடலும், இங்கே மலைக்கு நடுவே ஓடுகிற ஆறு, அந்த மீன் எப்படி அங்கே போனது, எந்த வழியால் இங்கே திரும்பினது என்று பிற்பாடு கேட்டவர்களிடம், மீனுக்கென்ன விசாவோ என்று குணசிங்கம் திருப்பிக் கேட்பார், கதை அத்துடன் முடிந்துவிடும்.

ஹர்ஜித் தண்ணீருக்குள் கையை விட்டு மீனின் வாயைத் தடவினார். ஒரு பக்கத்தில் அவருடைய தூண்டில். மறுபக்கத்தில் கறள் பிடித்த பழைய இரும்புத் தூண்டில், மரத்தில் அடித்த ஆணியைப் பட்டை மூடுவது போல அதன் மேல் தசை வளர்ந்திருந்தது. அவர் இரண்டையும் குறட்டால் வெட்டி எடுக்கத் தொடங்கினதும் அண்ணர் பாய்ந்து அவருடைய கையைப் பிடித்தார், இந்த மனிசன் என்ன செய்யிறான் என்று கேட்டார். இந்த நாட்டுச் சட்டம் அப்படி, விட வேண்டும் என்று பத்திநாதன் விளங்கப்படுத்தினார். அண்ணர் தம்பியின் முகத்தைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், மறுபடி தம்பியைப் பார்த்தார்.

"விடப்போறியளோ?" என்றார்.

மீன் உடனே போகவில்லை. பாரம் கழன்றது அதற்கும் பிடிபட வேண்டும் போல, படகோடு ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தது, பிறகு அவசரப்படாமல் கீழே இறங்கிப் பழுப்புத் தண்ணீருக்குள் மறைந்தது. அண்ணர் அழவில்லை, ஏசவுமில்லை. கரை வருமட்டும் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். விரல்களை விரிக்க முடியாமல் கை சுருண்டே இருந்தது, லூர்துநாயகம் அந்தக் கையைத் தன் மடியில் வைத்து ஒவ்வொரு விரலாகத் தேய்த்து நிமிர்த்தினார்.

கரையில் நின்ற மீன்பிடித்துறைப் பெண் அதிகாரி அனுமதிச் சீட்டுகளைப் பார்த்தார், தலைகளை எண்ணினார், உயிர்காப்பு அங்கிகளை எண்ணினார், ஒன்று குறைந்தது. ஆற்றில் ஏற்றினோம் என்று ஹர்ஜித் சொன்னார். அப்படியானால் நல்ல காரியம்தான், இனிமேல் ஒரு அங்கி கூடுதலாக வைத்திருங்கள் என்றார் அவர். இவர் அனுமதி இல்லாமல் மீன் பிடித்தாரா என்றும் கேட்டார். இவர் படகின் பக்கம் இருக்கவில்லை, மீனின் பக்கம் இருந்தார் என்று ஹர்ஜித் உள்ளதைச் சொல்ல, அதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டு அது சரியென்று ஏற்றுக்கொண்டார். நுனியில் எதிர்முள் வைத்த தூண்டில் இந்த ஆற்றில் கூடாது என்று மட்டும் அண்ணருக்குத் தன்மையாக எடுத்துச் சொன்னார். அண்ணருக்கு இங்கிலீஷ் விளங்கவில்லை, தலையாட்டினார்.

வீட்டுக்குப் போகிற வழியில் காருக்குள் பத்திநாதனுக்கு ஒரேயொரு பயம்தான் இருந்தது, அந்தப் பயத்தின் பெயர் றெஜினா.

அண்ணருக்கும் றெஜினாவுக்கும் கலியாணம் பேசி, தேவாலயத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பும் வாசித்து, மூன்றாவது வாசிக்க முன்னம்தான் வள்ளம் வெறுமையாக வந்தது. அவளுக்கு அப்போது இருபது. மூன்று வருசமாக அவள் பின்னேரங்களில் கரைக்குப் போய் நின்றாள், ஒருவரோடும் கதைக்கமாட்டாள், இருட்டத் தொடங்கத் திரும்பிவிடுவாள். பிறகு இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடி, இளையவனுக்குக் கட்டிக்கொடுப்போம் என்றார்கள். அவளிடம் கேட்டார்கள், அவள் ஓமென்றாள், பத்திநாதனிடமும் கேட்டார்கள், அவர் ஓமென்றதற்கு முதலே அவருக்கு வியர்த்துவிட்டது. பிறகு கனடா, மகன், மகள், ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் அவளுக்கு வேலை, அவருக்குப் பேருந்து. இத்தனை வருசத்தில் அண்ணரைப் பற்றி இருவரும் கதைத்தது நவம்பர் மாதத்தில், பூசைக்குப் பெயர் கொடுக்கிற நேரத்தில் மட்டும்.

றெஜினா கதவைத் திறந்தாள். நனைந்த சாரத்தோடும் ஹர்ஜித்தின் மழைக்கோட்டோடும் நின்ற ஆளைப் பார்த்தாள். கையில் இருந்த துவாயைக் கீழே போடவில்லை, சுவரைப் பிடிக்கவில்லை.

"காலைத் துடைச்சுப்போட்டு வாங்கோ," என்றாள், எல்லாருக்கும் பொதுவாக.

அவருக்குச் சுடுதண்ணீர்க் குழாயைக் காட்டிக்கொடுக்கச் சொன்னாள், கல்கரியில் இருக்கிற மகனின் பழைய உடுப்புகளை எடுத்துக் கட்டிலில் வைத்தாள், அரிசியில் இன்னுமொரு சுண்டு கூடப் போட்டாள். அவள் விழுந்து அழுதிருந்தால் பத்திநாதனுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மகள் ஷரோமி வேலை முடிந்து வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றினபோது, குளித்துவிட்டுக் கதிரையில் இருந்த அண்ணர் எழும்பி நின்றார், "றெஜினா," என்றார். தாயின் முகவாகு அப்படியே மகளுக்கு. குசினிக்குள் கரண்டிச் சத்தம் நின்றது.

"அது மகள்," என்று உள்ளேயிருந்து றெஜினா சொன்னாள்.

அண்ணர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஒருநாளும் அந்தப் பிழையை விடவில்லை, ஷரோமியை மகள் என்றுதான் கூப்பிட்டார், தன்னைவிட ஐந்து வயது மூத்த மகள் அவரைப் பெரியப்பா என்றாள், கைபேசியில் எப்படிப் படம் எடுப்பதென்று காட்டிக்கொடுத்தாள்.

அடுத்த நாளே சனம் வரத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்கு நோயாளி பார்க்கப் போகிறவர்கள் போலத் தோடம்பழமும் ஹோர்லிக்ஸ் போத்தலும் கேக்கும் கொண்டு வந்தார்கள், கதிரை காணாமல் படியில் இருந்தார்கள், கை நோகிறதோ, மீன் கடித்ததோ, கீழே குளிரோ என்று கேட்டார்கள். கை கொஞ்சம் நோகிறது, மீனுக்குப் பல்லில்லை, குளிர் பெரிதாகத் தெரியவில்லை என்று அண்ணர் சொன்னார். அவருக்கு அது ஒரே ஒரு பகல் நேரம். விடியப்புறம் கவ்வினது, பின்னேரம் மேலே வந்தார். இவ்வளவு காலமும் அவருடைய ஆன்மாவுக்காகக் கொடுத்த பூசைகள் வீணோ என்று சிலர் சுவாமியாரிடம் போய்க் கேட்டார்கள், கணக்கில் இருக்கும், பிறகு உதவும் என்று அவர் சொன்னார். பிறந்த ஆண்டைப் பார்த்து முதியோர் சங்கம் அவருக்கு அங்கத்துவ அட்டை கொடுத்தது, ஆளைப் பார்த்து இளைஞர் கழகம் அவரைக் கரப்பந்தாட்டக் குழுவில் சேர்த்தது, முதியோர் சங்கத்து ஓட்டப்போட்டியில் அவர் முதலாவதாக வந்தபோது மட்டும் கொஞ்சம் மனக்கசப்பு வந்தது. எந்த வழியாக நாட்டுக்குள் வந்தார் என்று வழக்கறிஞர் கேட்டார், தண்ணீர் வழியாக என்று சொன்னார்கள், அப்படி வந்தவர்கள் முந்தியும் இருக்கிறார்கள் என்று அவர் எழுதிக்கொண்டார். இருபத்துமூன்று வயதுப் பெண்பிள்ளைகளின் தாய்மார் றெஜினாவிடம் தனியாக வந்து, ஆள் நல்லவனோ, குடிப்பானோ என்று விசாரித்துவிட்டு, இருபத்துநாலென்று பார்ப்பதோ அறுபத்திரண்டென்று பார்ப்பதோ என்று தங்களுக்குள் கதைத்துக்கொண்டு போனார்கள்.

பிறகு படங்கள் வந்தன. முதலில் வந்தது பேர்னபியில் இருக்கிற ஒரு தாய், காணாமல் போன மகனின் பிளாஸ்டிக் உறை போட்ட படத்தைக் கைப்பைக்குள்ளிருந்து எடுத்து, அங்கே இவனைக் கண்டீரோ தம்பி என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பலர் வந்தார்கள், தமையனின் படம், புருசனின் படம், பள்ளிக்கூட உடுப்போடு இருக்கிற பிள்ளையின் படம். அண்ணர் ஒவ்வொன்றையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ஆறுதலாகப் பார்த்தார். அவசரப்பட்டு ஒருவருக்கும் இல்லையென்று சொல்லவில்லை. நான் அந்த மீனின் முதுகை மட்டும்தான் கண்டனான் அம்மா என்று கடைசியில் சொல்லுவார், படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுப்பார்.

ஆனாலும் அந்த இலையுதிர் காலம் முழுக்கச் சனம் ஆற்றுக்குப் போனது. ஹர்ஜித்துக்கு ஓய்வே இல்லை, அவருடைய மச்சானும் ஒரு படகு வாங்கி ஓடினார். சேலைக்கு மேலே உயிர்காப்பு அங்கி போட்ட பெண்கள் தடி பிடித்துக்கொண்டு நின்றார்கள், படங்களைப் படகின் விளிம்பில் ஒட்டி வைத்தார்கள், தடி குனியும்போது எல்லாருடைய மூச்சும் ஒன்றாக நின்றது. பெரிய பெரிய மீன்கள் வந்தன. ஒவ்வொரு மீனின் செவுளையும் இரண்டு பக்கமும் பார்த்தார்கள், வாயைப் பார்த்தார்கள், பிறகு தூண்டிலைக் கழற்றினார்கள். விடுவதென்றால் எதற்குப் பிடிக்கிறது என்று அவர்களில் ஒருவரும் ஹர்ஜித்திடம் கேட்கவில்லை. பேர்னபித் தாய் மட்டும் ஒவ்வொரு மீனையும் விட முன்னம் அதன் தலையைத் தடவி ஏதோ சொல்லுவாள், என்ன சொன்னாள் என்று அவள் சொல்லவில்லை, மற்றவர்கள் கேட்கவுமில்லை.

இதற்குள் பத்திநாதனின் வீட்டில் அண்ணர் அண்ணராகிவிட்டார். மேசையின் தலைமாட்டுக் கதிரையில் அவர்தான் இருந்தார். எழும்பென்று ஒருவரும் சொல்லவில்லை, பத்திநாதன் தானாகவே பக்கத்துக் கதிரைக்கு நகர்ந்திருந்தார். தேத்தண்ணிக்கு இவ்வளவு சீனி ஏன் போடுகிறாய் என்று அண்ணர் அதட்டினார், பூசைக்குப் பிந்திப் போவது என்ன பழக்கம் என்று ஏசினார், படி ஏறி மூச்சு வாங்கினபோது சட்டைக்கு மேலே நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். அறுபது வயது மனிசனை ஒரு பொடியன் வெருட்டுகிறான் என்று குணசிங்கம் சிரித்தார். பத்திநாதனும் சிரித்தார், ஆனால் உள்ளுக்குள் வேறொன்று நடந்தது. வள்ளம் வெறுமையாக வந்த அன்றைக்குத் தகப்பன் அவரைக் கூப்பிட்டு, இனி நீதான் மூத்தவன் என்று சொன்னார். அன்றிலிருந்து அவர் எல்லாருக்கும் மூத்தவராக இருந்தார், எல்லாருக்கும் முதலில் எழும்பினார், எல்லாரும் படுத்த பிறகு படுத்தார். இப்போது அவருக்கு மேலே ஒருவர் இருந்து, சாப்பிட்டியோடா என்று கேட்கிறபோது, இன்னுமில்லை அண்ணை என்று சோற்றுக் கோப்பையை நீட்டினார். தம்பியாக இருப்பது எவ்வளவு சுகமென்று அவர் மறந்துபோயிருந்தார்.

பயம் மட்டும் போகவில்லை. றெஜினா அண்ணரை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. தேத்தண்ணியை அவருக்குப் பக்கத்தில் வைப்பாள், போய்விடுவாள். அவரும் அவளிருக்கிற பக்கம் பார்க்கமாட்டார். அத்தானென்று அவள் கூப்பிட்டாலாவது, அண்ணையென்று கூப்பிட்டாலாவது பத்திநாதனுக்கு நித்திரை வந்திருக்கும். பெயரில்லாமல் அந்த இருவருக்கும் நடுவே ஏதோ ஒன்று கிடந்தது, ஒவ்வொரு நாளும் அதைச் சுற்றி நடந்துதான் அவர் குசினிக்குப் போக வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம், பூசை முடிந்து வந்து சாப்பிட இருந்தபோது, தான் வடக்கே போகப்போவதாக அண்ணர் சொன்னார். மீன் வெட்டுகிற தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது, உறைந்த மீனைக் கையுறை போட்டு வெட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை. பிரின்ஸ் ரூப்பேர்ட்டிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிற படகொன்றில் ஆள் எடுக்கிறார்களாம், தொழிற்சாலையில் ஒரு பிலிப்பினோக்காரர் சொன்னாராம். அங்கே குளிர், அலை பெரிது என்று பத்திநாதன் தடுத்துப் பார்த்தார். அண்ணர் சிரித்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார்.

அந்த நேரம் றெஜினா கறிச்சட்டியை மேசையில் வைத்துவிட்டு, கதிரையை இழுத்து அவருக்கு எதிரே இருந்தாள். அவர் வந்த நாளிலிருந்து அவள் இந்த மேசையில் இருக்கவில்லை.

"தம்பி," என்றாள். "உம்மட்டை ஒண்டு கேக்கோணும்."

அந்த மேசையில் தம்பி அவரானபடியால், பத்திநாதன் தன்னைத்தான் ஏதோ கேட்கிறாளென்று முதலில் நினைத்தார். பிறகு விளங்கியது. அண்ணரின் கை சோற்றுக் கோப்பையில் நின்றது.

"அந்தத் தங்கூசியை நீர் விட்டிருக்கலாமெல்லோ."

அண்ணர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அங்கே இன்னும் இரண்டு கோடு சிவப்பாக இருந்தது. கவ்வினதும் பெரிய மீனென்று தெரிந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் பிடித்தால் களைத்துவிடுமென்று நினைத்தேன் என்று சொன்னார். வள்ளத்தின் விளிம்பு வயிற்றில் முட்டினபோதும் இன்னும் கொஞ்சமென்றுதான் நினைத்தாராம், தண்ணீருக்குள் போன பிறகும் இன்னும் கொஞ்சமென்றுதான் நினைத்தாராம். கலியாணத்துக்கு நாளிருந்தது, அந்த மீன் ஒன்றே முழு ஊருக்கும் காணும், ஆரும் குறை சொல்லமாட்டார்கள் என்று பட்டதாம்.

"விட்டிருக்கலாம்தானே," என்றாள் றெஜினா மறுபடியும். குரல் உயரவில்லை. மூன்று வருசம் கரையில் நின்று அவள் கேட்டது இந்த ஒரு கேள்வியைத்தான் என்று பத்திநாதனுக்கு அப்போதுதான் பட்டது.

அண்ணர் முதல் தடவையாக அவளுடைய முகத்தை நேரே பார்த்தார். நரைத்த முன்மயிரையும் கண்ணாடியையும் சலவைச் சூட்டில் கறுத்துப்போன கைகளையும் பார்த்தார்.

"விடலாமெண்டு எனக்கு ஒருக்காலும் நினைவிலை வரேல்லை, அக்கா," என்றார்.

றெஜினா தலையாட்டினாள். பிறகு எழும்பி, அவருடைய கோப்பையில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள், மீன் தலையை அவருக்கு வைத்தாள், தானும் கோப்பை எடுத்துக்கொண்டு வந்து அதே கதிரையில் இருந்து சாப்பிட்டாள்.

அவர் புறப்பட்ட அன்று மழை. பேருந்து நிலையத்துக்குச் சனம் ஒரு கலியாணத்துக்கு வந்தது போல வந்திருந்தது. குணசிங்கம் தன் டாக்ஸியில் மூன்று தரம் ஆள் ஏற்றி இறக்கினார், லூர்துநாயகம் பேக்கரியிலிருந்து ஒரு பெட்டி பணிஸ் கொண்டு வந்தார், முதியோர் சங்கத்தார் கம்பளிக் காலுறை கொடுத்தார்கள், பேர்னபித் தாய் தன் மகனின் படத்தின் பிரதி ஒன்றைக் கொடுத்து, கடல் பெரிசுதானே தம்பி, வைத்திரும் என்றாள். அண்ணர் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தான் பூட்டினார். றெஜினா சோற்றுப் பார்சலை நீட்டி, புளிக்க முன்னம் சாப்பிடும், கடலில் சட்டை நனைந்தால் மாற்றும் என்றாள். ஓமக்கா என்றார்.

கடைசியாகத் தம்பியிடம் வந்தார். பத்திநாதன் குனிந்தார், அண்ணர் பெருவிரலால் அவருடைய நெற்றியில் சிலுவை போட்டார். வரிசையில் நின்ற வெள்ளைக்காரர் ஒருவர், ஒரு இளைஞன் ஒரு கிழவரை ஆசீர்வதிப்பதைக் கண்டு, இந்தச் சனத்தின் வழக்கம் இதுவாக்கும் என்று மரியாதையாகத் தள்ளி நின்றார்.

"சீனியைக் குறை," என்றார் அண்ணர். "நேரத்துக்குச் சாப்பிடு."

பேருந்து போன பிறகும் பத்திநாதன் நின்றார். ஒரே தமையனை இரண்டாம் தடவையும் தண்ணீருக்கு அனுப்பிவிட்டு நிற்கிறேன் என்று நினைத்தார், ஆனால் இந்தத் தடவை கைகாட்டி அனுப்ப முடிந்தது, முகத்தைத் துடைத்துக்கொண்டு காருக்கு நடந்தார்.

காருக்குள் றெஜினா கண்ணாடியை உடுப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். நெடுஞ்சாலையை விட்டு இறங்கின பிறகு, இத்தனை கிழமையாக நாக்கு நுனியில் இருந்ததை, தெருவைப் பார்த்துக்கொண்டே பத்திநாதன் கேட்டார்.

"அவர் அந்த நாளையிலேயே வந்திருந்தால்?"

"அவரைத்தான் கட்டியிருப்பன்," என்றாள் றெஜினா. கேள்வியை எதிர்பார்த்து இருந்தவள் போல உடனே சொன்னாள். மழை துடைக்கிற தடி இரண்டும் போய் வந்தன. தபாற்கந்தோரும் பழக்கடையும் கடந்து போயின.

"நீங்களெண்டால் தங்கூசியை விட்டிருப்பியள்," என்றாள்.

அது அவருக்குச் சுட்டது. மூத்தவனுடைய கைதான் கடற்காரன் கை, இளையவனுடையது பஞ்சு என்று தகப்பன் சொல்லிக்கொண்டு திரிந்தது அவருக்கு நினைவில் வந்தது. இவ்வளவு வருசம் பக்கத்தில் இருந்தவளும் அதைத்தான் நினைத்திருக்கிறாள். சந்தியில் சிவப்பு விழுந்தது, அவர் நிறுத்தினார். பொய் சொல்ல வேண்டுமென்று தோன்றவில்லை.

"ஓம்," என்றார். "கையை வெட்டத் தொடங்கினவுடனை விட்டிருப்பன்."

"விட்டிட்டு வீட்டை வந்திருப்பியள்," என்றாள் றெஜினா.

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் முன்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், சோற்றுப் பார்சல் கட்டி மிஞ்சின நூலை விரலில் சுற்றுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். பின்னால் நின்ற கார் ஒரு தரம் ஹோர்ன் அடித்தது.

"பச்சை விழுந்திட்டுது," என்றாள். "எடுங்கோ."